பொழுதும் நிலமும் பெயரும்: தொலைக்காட்சி நிலையத்துக் குறிகை ஆட்சியின் வரலாறு

1. முன்னுரை

தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படம் பிறந்த வரலாற்றையே எழுதுவர். 1926 சனவரி 26-ஆம் நாள் இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில், இராயல் இன்ஸ்டிட்யூஷன் உறுப்பினர் முன்னிலையில் ஜான் லோகி பேர்ட் செய்துகாட்டிய காட்சியில் தொடங்கி, ஒலி சேர்ந்தது, வண்ணம் வந்தது, செயற்கைக்கோள் வந்தது என அடுக்கிச் செல்வது அவ்வரலாற்றின் வழக்கம். காண்போர்க்குப் புலனாவது படமே ஆதலின் இஃது இயல்பேயாகும். ஆயினும், ஒரு படத்தை எழுப்புதல் வேறு; பல கருவிகள் எழுப்பும் பல படங்களை ஒரு நிலையத்தினுள் ஒருங்கே ஆண்டு, உரிய படத்தை உரிய நொடியில் வெளியிடுதல் வேறு. முன்னது கண்டுபிடிப்பு; பின்னது ஆட்சி. இவ்வாட்சியின் வரலாறு தமிழில் எழுதப்பெற்றது மிகக் குறைவு.

கருவியிலிருந்து கருவிக்குக் கம்பி வழியே செல்லும் மின்வடிவச் செய்தியை ஆங்கிலேயர் சிக்னல் என்பர். தமிழில் இதற்குச் சைகை, குறிகை எனும் சொற்கள் வழங்குகின்றன. சைகை என்பது கையால் காட்டும் குறிப்பையும் உணர்த்துதலின், மயக்கம் நேராவண்ணம் இக்கட்டுரையில் குறிகை எனும் சொல்லே ஆளப்பெறும்.

ஒரு நிலையத்தினுள் ஒரு குறிகையை இன்னதென்று அறிந்து ஆள்வதற்கு மூன்று வழிகள் உள்ளன. அஃது எப்பொழுது வருகின்றது என அறிதல் ஒன்று. எங்கிருந்து வருகின்றது என அறிதல் மற்றொன்று. அதன் பெயர் யாது என அறிதல் மூன்றாவது. தொலைக்காட்சியின் தொண்ணூறு ஆண்டு வரலாற்றை நோக்கின், முதலில் பொழுதும், அடுத்து நிலமும், இறுதியில் பெயரும் ஆட்சியின் அடிப்படையாக அமைந்தமை தெளிவாகும். தொல்காப்பியர் முதற்பொருள் எனக் கொண்டவை நிலமும் பொழுதும் ஆகிய இரண்டே என்பதை இத்துறையினர் அறிவர். தொல்காப்பியத்துள் தொலைக்காட்சியைக் காண முற்படுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு பொருள் நிகழ்வதற்கு இடமும் காலமும் முதலாவன எனும் பொதுவுண்மை இங்கும் பொருந்துகின்றது. பின்னர் அவ்விரண்டினின்றும் பெயர் விடுதலை பெற்றபோது புதியதொரு சிக்கல் பிறந்தது. அச்சிக்கல் யாது என்பதை ஆராய்தலே நோக்கமாகும்.

2. பொழுது: ஒத்தியக்கத்தின் தோற்றம்

1936 நவம்பர் 2-ஆம் நாள் பி.பி.சி. நிறுவனம் இலண்டன் வடபகுதியிலுள்ள அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து தன் தொலைக்காட்சிப் பணியைத் தொடங்கியது. அப்போது இரண்டு முறைகள் வாரம் மாறி வாரம் கையாளப்பெற்றன. பேர்ட் நிறுவனத்தின் முறை ஒரு படத்தை 240 வரிகளாகப் பகுத்து நொடிக்கு 25 படங்களை அனுப்பியது. மார்க்கோனி-ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் முறை 405 வரிகளைக் கொண்டது; ஒற்றைப்படை வரிகளை ஒரு முறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையும் அனுப்பி, நொடிக்கு 50 அரைப்படங்களால் 25 முழுப்படங்களை அமைத்தது. 1937 பிப்ரவரி முதல் பின்னதே நிலைபெற்றது.

பின்னது வென்றமைக்குக் கூறப்பெறும் காரணங்கள் பல. வரிகள் மிகுதி என்பர். எமிட்ரான் எனும் மின்னணுக் கேமராவை எளிதில் நகர்த்த முடிந்தது என்பர். பேர்ட் முறையின் ஒரு பகுதியில் காட்சியை முதலில் படச்சுருளில் எடுத்து, உடனே கழுவி, அதன்பின் வருடி அனுப்ப வேண்டியிருந்ததும் உண்மை. இவையனைத்தும் பொருந்துவனவே. எனினும் நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது பிறிதொன்று. ஐசக் ஷோன்பெர்க் தலைமையில் ஆலன் புளூம்லைன் முதலிய பொறியாளர் உழைத்த ஈ.எம்.ஐ. குழுவினர், படத்தைமட்டுமன்றிப் படத்தின் பொழுதையும் ஒரே குறிகையில் அமைத்தனர். குறிகையின் மொத்த உயரத்தில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு படத்திற்கு உரியதன்று. அது கருமைக்கும் கீழே அமைந்த மட்டம், கண்ணுக்குப் புலனாகாதது. ஒவ்வொரு வரி தொடங்கும்போதும், ஒவ்வோர் அரைப்படம் தொடங்கும்போதும் குறிகை அம்மட்டத்திற்குத் தாழ்ந்து எழும். இதுவே ஒத்தியக்கத் துடிப்பு எனப்படும். இல்லங்களிலுள்ள பெட்டி இத்துடிப்பைக் கேட்டே தன் வரியைத் தொடங்கும். பிற்காலத்து 625 வரி முறையிலும் ஒரு வோல்ட் அளவுள்ள குறிகையில் 0.7 வோல்ட் படத்திற்கும் 0.3 வோல்ட் துடிப்பிற்கும் ஒதுக்கப்பெற்றன. வலிமையில் பத்தில் மூன்று பங்கைப் படத்திற்கன்றிப் பொழுதிற்கே வழங்கினர் எனின், ஒத்தியக்கம் எத்துணை இன்றியமையாததாகக் கருதப்பெற்றது என்பது விளங்கும்.

405 எனும் எண்ணும் கருதத்தக்கது. 3, 3, 3, 3, 5 ஆகியவற்றின் பெருக்கமே 405. நொடிக்கு 20,250 துடிப்புகளைத் தரும் மூலக்கருவி ஒன்று நிறுவப்பெற்றது. அதனை இரண்டால் வகுப்பின் 10,125. இது நொடிக்குரிய வரிகளின் எண். அதே 20,250-ஐ மூன்றால் நான்கு முறையும் ஐந்தால் ஒரு முறையும் வகுப்பின் 50. இஃது அரைப்படங்களின் எண். அக்காலத்து வெற்றிடக் குழாய்ச் சுற்றுகள் பெரிய எண்ணால் நேரே வகுக்க வல்லன அல்ல. சிற்றெண்களாலேயே படிப்படியாக வகுக்கும். ஆதலின் சிற்றெண்களின் பெருக்கமாக அமைந்த எண்ணே வேண்டப்பட்டது. அமெரிக்கர் 1941-இல் கொண்ட 525, 3, 5, 5, 7 ஆகியவற்றின் பெருக்கம். ஐரோப்பியர் பின்னர்க் கொண்ட 625, ஐந்தின் நான்காம் அடுக்கு. இவ்வெண்கள் அழகு கருதி அமைந்தன அல்ல. வகுத்தற்கு எளியவை என்பதனால் அமைந்தன.

50 எனும் எண் பிரிட்டனின் மின்வழங்கலின் அலைவெண் ஆகும். மின்வழங்கலின் சிறு அதிர்வு படத்தில் நிழற்பட்டையாகத் தோன்றுவதுண்டு. இரண்டும் ஒத்த விரைவினவாயின் அப்பட்டை நகராது நிற்கும். நகராத குறையைக் கண் பொறுத்துக்கொள்ளும். அமெரிக்க மின்வழங்கல் 60 ஆதலின் ஆங்கு அரைப்படங்கள் 60 ஆயின. இன்று இல்லங்களிலுள்ள தட்டைத் திரைகளுக்கு அந்நிழற்பட்டை இல்லை. எனினும் உலகம் 25 என்றும் 30 என்றும் இரண்டு வழிகளாகப் பிரிந்த பிரிவு மட்டும் நீங்கவில்லை. காரணம் மறைந்தும் காரியம் நிற்றல் இத்துறையில் பலகாலும் காணப்படுவதாகும்.

3. ஒரு மாளிகைக்கு ஒரு கடிகாரம்

ஒரு கேமரா மட்டும் இருப்பின் ஒத்தியக்கம் கேமராவிற்கும் பெட்டிக்கும் இடைப்பட்ட செய்தியே. கேமராக்கள் பலவாகி, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறவேண்டிய நிலை ஏற்பட்டபோது, அவையனைத்தும் ஒரே நொடியில் தத்தம் வரியைத் தொடங்குதல் வேண்டும் என்னும் தேவை எழுந்தது. தொடங்காவிடின் மாறும்போது பார்ப்போர் பெட்டியில் படம் உருளும். 1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பணி தொடங்கிய பின்னர்க் கருப்பு வெள்ளைப் பெட்டிகளை வாங்கிய நம்மவர், அப்பெட்டிகளில் இருந்த வி-ஹோல்டு, எச்-ஹோல்டு என்னும் திருகுகளை நினைவுகூர்வர். படம் மேல்நோக்கி உருண்டால் முன்னதையும், பக்கவாட்டில் கிழிந்தால் பின்னதையும் திருகி நிறுத்துவர். அத்திருகு செய்தது யாது? நிலையத்திலிருந்து வரும் துடிப்பின் பொழுதோடு பெட்டியின் பொழுதை இயைத்ததே. அலெக்சாண்டிரா மாளிகையில் வகுத்த நெறியின் கடைக்கண்ணி, வரிகள் 405 அன்றி 625 ஆயினும், சென்னைத் தெருக்களின் இல்லங்களில் அத்திருகாக இருந்தது எனலாம்.

நிலையத்தினுள் இத்தேவையை நிறைவேற்ற ஒத்தியக்கத் துடிப்பாக்கி என்னும் ஒரு கருவி நடுவே நிறுவப்பெற்றது. வரித்துடிப்பு, அரைப்படத் துடிப்பு, மறைப்புத் துடிப்பு ஆகியவை அதனிடமிருந்து தனித்தனிக் கம்பிகளில் ஒவ்வொரு கேமராவிற்கும் சென்றன. கம்பியில் மின்குறிகை செல்லும் விரைவு ஒளியின் விரைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஒரு மீட்டருக்கு 5 நானோநொடி ஆகும். தொலைவிலுள்ள கேமராவின் படம் பிந்தி வருதலின், அண்மையிலுள்ளதன் கம்பியை வேண்டுமென்றே நீட்டிச் சுருட்டி வைத்தனர். வண்ணம் வந்தபின் இக்கணக்கு மேலும் நுண்ணிதாயிற்று. பிரிட்டனும் மேற்கு செருமனியும் 1967-இல் மேற்கொண்ட பால் முறையில் வண்ணத்தைச் சுமக்கும் துணையலை நொடிக்கு 44 இலட்சத்திற்கும் மேற்பட்ட முறை அதிரும். அதன் ஒரு சுழற்சியை 360 பாகையாகப் பகுப்பின், ஒரு பாகைக்குரிய காலம் ஏறத்தாழ 0.63 நானோநொடி. கம்பி நீளத்தில் இது 12 அல்லது 13 சென்டிமீட்டர். ஒரு சாண் கம்பி மிகுந்தால் வண்ணம் ஒன்று முதல் இரண்டு பாகை பிறழும். பொழுதைப் பொறியாளர் முழக்கோலால் அளந்தனர் என்பது மிகையன்று.

நிலையத்திற்கு வெளியிலிருந்து வரும் குறிகை இவ்வொழுங்கிற்குக் கட்டுப்படாது. அதற்கெனத் தனிக் கடிகாரம் உண்டு. முதலில் கண்ட தீர்வு ஜென்லாக் என்பது. நிலையத்தின் துடிப்பாக்கியே வெளிக்குறிகையைக் கேட்டுத் தன் பொழுதைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும். விருந்தினர் ஒருவர் வந்தமையால் வீட்டார் அனைவரும் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது போன்றது இது. விருந்தினர் இருவராயின் இத்தீர்வு பயன்படாது. 1970-களில் எண்ணியல் நினைவகத்தைக் கொண்டு அமைந்த படச் சமன்செய்கருவி இச்சிக்கலைத் தீர்த்தது. வந்த படத்தை முழுதாக நினைவகத்தில் ஏற்று, நிலையத்தின் பொழுதிற்கேற்ப வாசித்து வெளியிடுவது அதன் இயல்பு. வந்தவரைத் திண்ணையில் அமர்த்தி, உரிய வேளையில் உள்ளழைக்கும் முறை எனலாம்.

ஆயினும் திண்ணையில் அமர்ந்த காலம் காலமே அன்றோ? ஒரு படத்திற்குரிய 40 மில்லிநொடி வரை காட்சி பிந்தியது, ஒலி பிந்தவில்லை, வாயசைவும் சொல்லும் பிரிந்தன. ஒலி காட்சிக்கு 40 மில்லிநொடி முந்தலாம், 60 மில்லிநொடி பிந்தலாம், அதற்குமேல் ஆகாது என ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் பின்னர் வரையறுத்தது. ஒரு குறிகையை விடுவித்தமையால் மற்றொன்றைக் கட்டவேண்டி வந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இவ்வரலாற்றில் ஒவ்வொரு விடுதலையும் புதியதோர் உடன்பாட்டை விலையாகக் கேட்டிருக்கின்றது.

4. படங்களுக்கு எண்பெயர்

பெயரின் வரலாறு அமெரிக்காவில் எதிர்பாராத வகையில் தொடங்கியது. 1953 திசம்பர் 17-இல் ஆங்கு ஒப்புதல் பெற்ற வண்ண முறையில், வண்ணத் துணையலையும் ஒலியலையும் தம்முள் மோதிப் படத்தில் புள்ளிக்கோலம் தோன்றாதிருக்க, வரிகளின் எண் நொடிக்கு 15,750 என்பதிலிருந்து ஏறத்தாழ 15,734 ஆகக் குறைக்கப்பெற்றது. ஆயிரத்தில் ஒரு பங்கே குறைந்தது. ஆனால் நொடிக்கு 30 படங்கள் என்பது 29.97 ஆயிற்று.

காந்த நாடாவில் படம் பதியும் ஆம்பெக்ஸ் நிறுவனக் கருவி 1956 ஏப்ரலில் வெளிப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 30-இல் சி.பி.எஸ். நிறுவனம் தன் செய்தியறிக்கையை அதன்வழி ஒளிபரப்பியது. நாடாவில் உள்ள படங்களைத் தேடி எடுக்க ஒவ்வொரு படத்திற்கும் மணி, நிமிடம், நொடி, படம் என்னும் நான்கு உறுப்புள்ள எண் ஒன்றை இட்டு வழங்கும் முறை அதன்பின் தோன்றியது. இது காலக்குறி எனப்படும். நொடிக்கு 30 எனக் கொண்டு எண்ணின் ஒரு மணிக்கு 1,08,000 எண்கள் ஆகும். உண்மையில் ஓடுவனவோ 1,07,892 படங்களே. 108 எண்கள் மிகும், கடிகாரத்தோடு 3.6 நொடி பிறழும். இதனைத் தீர்க்க, ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 எனும் இரண்டு எண்களைத் தாண்டி எண்ணுவதென்றும், பத்தாம் நிமிடந்தோறும் தாண்டாது விடுவதென்றும் விதித்தனர். ஒரு மணிக்கு 54 நிமிடங்களில் இரண்டிரண்டாக 108 எண்கள் நீங்கும், கணக்கு ஒத்துவிடும்.

இம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் படங்கள் நீக்கப்படுவன போன்ற மயக்கத்தைத் தருகின்றது. படம் எதுவும் நீக்கப்படுவதில்லை. படத்தின் பெயரே நீக்கப்படுகின்றது. பொருளும் பெயரும் வேறு என்பதைத் தொலைக்காட்சிப் பொறியாளர் முதன்முதல் தெளிவாக உணர்ந்த இடம் இதுவாகும் எனக் கருதலாம். பொருளை மாற்றாது பெயரை மட்டும் மாற்றி ஒழுங்கை நிலைநாட்டினர்.

5. நிலம்: துளையே அடையாளம்

பொழுது ஒருவாறு அடங்கியபின், எக்குறிகை எங்கே செல்கின்றது என்பதே அன்றாட ஆட்சியின் பொருளாயிற்று. தலைமைக் கட்டுப்பாட்டறையில் இணைப்புப் பலகை ஒன்று இருக்கும். மேல்வரிசைத் துளைகள் குறிகை வருவன. கீழ்வரிசைத் துளைகள் குறிகை செல்வன. சிறு கம்பியால் இரண்டையும் இணைப்பர். மூன்றாம் கேமரா என்பது மூன்றாம் துளையே. அடையாளம் இடத்தில் இருந்தது. ஐயம் எழுந்தால் பணியாளர் கம்பியைக் கையால் பற்றி, அதன் மறுமுனை எங்கே உள்ளது எனத் தொடர்ந்து சென்று காண்பர்.

கருவிகள் பெருகவே மாற்றணிகள் எழுந்தன. நூறு வருவாயும் நூறு செல்வாயும் உள்ள அணிக்குப் பதினாயிரம் குறுக்கிணைப்புகள் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் உரிய குறுக்கிணைப்பு மூடும். அதுவும் இரண்டு அரைப்படங்களுக்கு இடையே படம் மறைந்திருக்கும் சிற்றிடைவெளியிலேயே மூடும். நிலத்தை மாற்றுதற்கும் பொழுதின் இசைவு வேண்டியிருந்தது. ஒளிபரப்பில் உள்ள கேமராவின் மேல் சிவப்பு விளக்கு எரிதலும், திரையின் கீழுள்ள சிறு பலகையில் குறிகையின் பெயர் தோன்றுதலும் இவ்வணிகளோடு இணைக்கப்பெற்றன. ஓர் அணியின் வெளிவாய் மற்றோர் அணியின் உள்வாய் ஆகும்போது, விளக்கு எக்கேமராவிற்கு உரியது என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டியிருந்தது. படம் முன்னோக்கிச் செல்லும். பொறுப்பு பின்னோக்கித் தேடிவரும்.

கருவிகளைத் தொலைவிலிருந்து இயக்கும் முறையும் உடன் வளர்ந்தது. நாடாக் கருவிகளை ஒன்பது ஊசிச் செருகியின் வழியே நொடிக்கு 38,400 இருமக்கூறு விரைவில் ஏவினர். பழுதை அறிவிக்கும் பொதுமொழியாகக் கணினி வலைகளுக்கென 1988-இல் வகுக்கப்பெற்ற எஸ்.என்.எம்.பி. நெறி பின்னர் ஒளிபரப்பிலும் இடம்பெற்றது. விசிறி நின்றது, வெப்பம் மிகுந்தது என்பனவற்றைக் கருவியே முறையிடக் கற்றது.

6. எண்ணியல் உடன்பாடு

525 வரியினரும் 625 வரியினரும் ஒன்றுபட்ட இடம் ஒன்று உண்டு. 1982-இல் பன்னாட்டு வானொலி ஆலோசனைக் குழு 601 எனும் எண்ணுடைய பரிந்துரையை ஏற்றது. படத்தை எண்ணாக்க நொடிக்கு 135 இலட்சம் முறை மாதிரி எடுப்பது அதன் விதி. இவ்வெண்ணின் சிறப்பு இரு தரப்பினர்க்கும் பொதுவாய் அமைந்தமையே. 625 வரி முறையில் ஒரு வரிக்குச் சரியாக 864 மாதிரிகளும், 525 வரி முறையில் சரியாக 858 மாதிரிகளும் அமையும். இரண்டிலும் காட்சிக்குரிய பகுதி 720 மாதிரிகளே. 1936 முதல் பிரிந்து நின்ற பொழுதுகள் ஒரு பொதுப் பெருக்கத்தில் சந்தித்தன.

ஒளிர்வுக்கும் நிறவேறுபாட்டிற்கும் உரிய மாதிரிகளைக் கூட்டிப் பத்து இருமக்கூறுகளால் பெருக்கின் நொடிக்கு 27 கோடி இருமக்கூறு ஆகும். இதனை ஒரே கம்பியில் அனுப்பும் எஸ்.டி.ஐ. முறை 1989 முதல் நெறிப்படுத்தப்பெற்றது. உயர்தெளிவுப் படத்திற்கு நொடிக்கு 148.5 கோடி இருமக்கூறு எனும் விரைவு பின்னர் வந்தது. ஒலியும் அக்கம்பியுள்ளேயே சென்றது. இன்றும் பல நிலையங்கள் இம்முறையாலேயே இயங்குகின்றன. இதில் ஒரு கம்பிக்கு ஒரு குறிகை, ஒரு திசை என்னும் பழைய நெறி மாறவில்லை. எண்ணாகியும் குறிகை தன் நிலத்தை விடவில்லை.

7. பெயர்: நிலத்தினின்று விடுதலை

2017 முதல் வெளிவந்த எஸ்.டி. 2110 நெறித்தொகுதி இப்பிணைப்பை அறுத்தது. படம், ஒலி, துணைச்செய்தி ஆகியவை தனித்தனிப் பொதிகளாகக் கணினி வலையில் செல்லும். ஒரே கம்பியில் பல குறிகைகள், இரு திசைகளில் செல்லும். கம்பியைப் பற்றித் தொடர்ந்து சென்றால் கிட்டுவது ஒரு பெட்டியே அன்றிக் குறிகை அன்று. கார்டிஃப் நகரில் பி.பி.சி. நிறுவிய நிலையம் இம்முறையை அடிப்படையாகக் கொண்டு கட்டப்பெற்றவற்றுள் ஒன்று.

பொழுது இங்கு எவ்வாறு காக்கப்படுகின்றது? துடிப்பைச் சுமக்கும் தனிக்கம்பி இல்லை. ஒவ்வொரு பொதியின் மேலும் காலமுத்திரை பொறிக்கப்படும். எல்லாக் கருவிகளும் 1970 சனவரி முதல் நாளைத் தொடக்கமாகக் கொண்டு எண்ணும் ஒரே கடிகாரத்தை வலைவழியே பின்பற்றும். தலைமைக் கடிகாரம் தன் பொழுதை அறிவிக்கும். பின்பற்றும் கருவி செய்தி ஒன்றைத் திருப்பியனுப்பிச் செல்லுகைக் காலத்தை அளக்கும். போவதற்கும் வருவதற்கும் ஒரே காலம் ஆகும் எனக் கொண்டு அதனைப் பாதியாக்கித் திருத்திக்கொள்ளும். அக்கொள்கை பொய்க்குமிடத்துக் கடிகாரமும் பொய்க்கும். தலைமைக் கடிகாரம் மறைந்தால், எஞ்சியவை தத்தம் தகுதியை அறிவித்து, ஒப்பிட்டு, அடுத்ததைத் தலைமையாகக் கொள்ளும். ஒரு மாளிகைக்கு ஒரு துடிப்பாக்கி என இருந்த நிலை, தகுதி நோக்கித் தலைமையைத் தேரும் நிலையாக மாறியது.

நிலம் அற்றுப்போன இடத்தில் பெயர் வந்து அமர்ந்தது. நிமாஸ் எனும் நெறித்தொகுதியின்படி, வலையில் இணையும் ஒவ்வொரு கருவியும் பதிவேடு ஒன்றில் தன்னைத் தானே பதிந்துகொள்ளும். இன்ன கருவி நான். என்னிடம் இன்ன அனுப்பிகள் உள்ளன. இன்ன பெறுவிகள் உள்ளன எனக் கூறும். ஐந்து நொடிக்கு ஒருமுறை தான் உயிரோடிருப்பதை அறிவிக்கும். பன்னிரண்டு நொடி அறிவிப்பு இன்றேல் அதன் பெயர் பதிவேட்டினின்று நீக்கப்படும். மூலம், ஓட்டம், அனுப்பி எனும் மூன்றையும் இந்நெறி வேறுபடுத்துகின்றது. ஒரு கேமரா காணும் காட்சி மூலம். அது முழுவடிவிலும் சுருங்கிய வடிவிலும் அமையும்போது ஒவ்வொன்றும் ஓர் ஓட்டம். அதனை வலைக்கு அளிப்பது அனுப்பி. பொருள் ஒன்றாகவும் வடிவம் பலவாகவும் இருத்தல் இங்கு முறைப்படி ஏற்கப்பெற்றது. இணைப்பை மாற்றுங்கால் புதிய நிலையை முதலில் ஆயத்தமாக வைத்துப் பின்னர் உடனேயோ குறித்த நேரத்திலோ செயற்படுத்துவர்.

இந்நெறியில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று 128 இருமக்கூறு கொண்ட, 32 குறிகளால் எழுதப்பெறும் அடையாள எண். அதற்கும் பொருளின் இயல்பிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இதுவன்றி வேறெதற்கும் அது வாராது என்பதே அதன் பயன். மற்றொன்று மாந்தர் படிப்பதற்கென இடும் பெயர்: மேடை இடப்புறக் கேமரா என்பது போல்வது. பெயரை இடுகுறி எனவும் காரணம் எனவும் பகுத்த நன்னூலார் நெறியை அறிந்தார்க்கு இவ்விருமை புதியதன்று. முன்னது இடுகுறி, பின்னது காரணப்பெயர். பொறிகள் இடுகுறியால் பேசுகின்றன. மாந்தர் காரணப்பெயரால் ஆள்கின்றனர். இரண்டையும் இணைப்பது பதிவேட்டிலுள்ள ஒரு வரியேயாகும்.

8. பிழையின் இயல்பு மாறியமை

ஈண்டுக் கட்டுரையின் தலையாய கருத்தைக் கூறலாம். பொழுது ஆண்ட காலத்தில் பிழை தன்னைத் தானே காட்டிக்கொண்டது. துடிப்புத் தவறின் படம் உருண்டது, வண்ணம் பிறழ்ந்தது, நிலையத்தில் உள்ளோரும் இல்லத்தில் உள்ளோரும் ஒருங்கே கண்டனர். நிலம் ஆண்ட காலத்தில் பிழை கம்பியில் இருந்தது, தேடின் கிட்டியது. பெயர் ஆளும் காலத்திலோ பிழை முற்றிலும் செம்மையான படமாக வந்து நிற்கக்கூடும். துடிப்புச் சரி, வண்ணம் சரி, ஒலி சரி, பெயர் மட்டும் வேறொன்றினுடையது. ஒத்திகை மேடையின் படத்திற்குச் செய்தி மேடையின் பெயர் இடப்பட்டிருப்பின், பொறி அதனைப் பிழையென அறியாது. அதற்கு 32 குறிகள் சரியாகவே இருக்கும். அறியவல்லவர் அக்காட்சியைக் கண்டு, இஃது அதுவன்று எனச் சொல்லும் பணியாளர் ஒருவரே.

பொறியே அறியத்தக்க பெயர்ப்பிழையும் உண்டு. இரண்டு அனுப்பிகள் ஒரே குழுமுகவரியில் குறிகையை விடுமாயின், பெறுவி இரண்டையும் கலந்து பெற்று இரண்டையும் இழக்கும். ஒரு பெயர் இருவர்க்கு ஆகாது என்னும் பழைய நெறியே இங்கும் காவலாகின்றது. இன்னார் பதியலாம், இன்னார் மாற்றலாம் என்னும் உரிமையை வரையறுக்கும் நெறிகளும் இதனாலேயே பின்னர்ச் சேர்க்கப்பெற்றன. இணைப்புப் பலகையைத் தொட அறைக்குள் நுழைய வேண்டியிருந்தது. பதிவேட்டைத் தொட அறை வேண்டுவதில்லை.

இதனால் பழைய முறையே சிறந்தது எனக் கூறுவதாகக் கொள்ளற்க. பதிவேடு பழுதாயினும் ஓடிக்கொண்டிருக்கும் குறிகைகள் நிற்பதில்லை. ஒரே குறிகையை இரு வழிகளில் விடுத்து, ஒன்று அறுந்தாலும் படம் அறாமல் காக்கும் முறையும் உண்டு. இவை முன்னோர் பெறாத நலங்கள். கூறக்கருதியது, பெயரிடுதல் எனும் செயல் எழுத்தர் பணியாக இருந்த நிலை மாறி, ஆட்சியின் நடுநிலையில் வந்து நிற்கின்றது என்பதே.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போதரும் முடிவுகள் மூன்று. தொலைக்காட்சி ஆட்சியில் குறிகையின் அடையாளம் பொழுதிலிருந்து நிலத்திற்கும், நிலத்திலிருந்து பெயருக்கும் இடம்பெயர்ந்தது என்பது ஒன்று. முன்னையவை மறையாமல் பின்னையதன் உள்ளே தங்கின என்பது மற்றொன்று. மின்வழங்கலின் 50 இன்றும் எண்ணப்படுகின்றது, ஒரே கடிகாரம் இன்றும் வேண்டப்படுகின்றது. பெயர் ஆளத் தொடங்கியபின் பிழையை அறியும் பொறுப்பு மீண்டும் மாந்தரின் சொல்லறிவிடமே வந்தது என்பது மூன்றாவது.

மூன்றாவதனால் இத்துறைக்கு ஒரு கடமை பிறக்கின்றது. பழைய பெயர்ப்பலகைகள் பதினாறு போன்ற சிற்றளவிலான உரோமன் எழுத்துகளையே ஏற்றன. தமிழில் பெயரிட இடமில்லை. புதிய நெறியின் பெயர்ப்புலம் ஒருங்குறி எழுத்துகளை ஏற்பது. தமிழ் நிகழ்ச்சியைத் தமிழர் இயக்கும் நிலையத்தில் கேமராவின் பெயர் தமிழில் அமைய நெறி தடையன்று. ஆனால் பெயரிடுவோர்க்குச் சொற்கள் வேண்டும். மூலம், ஓட்டம், அனுப்பி, பெறுவி, ஒத்தியக்கம், காலக்குறி என்பன இக்கட்டுரையில் ஆளப்பெற்றன. இவற்றினும் செம்மையானவை இருத்தல் கூடும். நள்ளிரவில் பணியாற்றும் ஒருவர் ஒரே பார்வையில் படித்து மயங்காது கொள்ளத்தக்கதே நற்பெயர் என்னும் அளவுகோலைக் கொண்டு அறிஞர் இவற்றை ஆராய்ந்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுவாராக.